ஐப்பசி மழையும் முன்பள்ளிப் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி பிறந்ததும் முன்பள்ளிச் சுவர்களில் செம்மஞ்சள் மேப்பிள் இலைகள் ஏறிவிடுகின்றன. அது பகல் குறுகிக் குளிர் தொடங்கும் நாடுகளின் காட்சி. எங்கள் வன்னிப் பகுதியில் மரங்கள் இலை கொட்டுவது வறட்சியில். ஐப்பசி மழைக்கு அவை துளிர்க்கின்றன. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் முற்றத்தில் உள்ளதையே கையில் கொடுங்கள் என்று பெற்றோரைக் கேட்கிறோம்.

காலபோக விதைப்பு நேரம் என்பதால் நெல்லில் தொடங்கலாம். மருந்து கலக்காத விதைநெல் ஒரு பிடி போதும். அவித்த நெல் முளைக்காது, அதன் கரு வெந்துவிட்டது. ஒரு நாள் ஊறவிட்டு, பாதியை ஈரத்துணி விரித்த சிரட்டையில் பரப்பி மூடி, காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். மீதியைக் கிளாசில் நாலு விரல் ஆழத் தண்ணீருக்குள் விடுங்கள். மூன்றாம் நாள் இரண்டையும் வெள்ளைத் தட்டில் அருகருகே வைத்துக் காட்டுங்கள். சிரட்டை நெல்லில் வேர் நீண்டு, அதைச் சுற்றிப் பஞ்சுபோல மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். தண்ணீருக்குள் கிடந்ததில் வெளிறிய குருத்து முந்தும், வேர் பின்தங்கும். வேருக்குக் காற்று வேண்டும், தேங்கிய தண்ணீரில் அது குறைவு. சேற்று விதைப்பில் முளைநெல் வீசமுன் வயலை வடியவிடுவது இதற்காகத்தான். வயலுக்குப் போகும் அப்பப்பாவிடம் பிள்ளையே இதைக் கேட்கட்டும். நெல் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகக்கூடியது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

மழை அளக்க, நேரான சுவருள்ள ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் எடுங்கள். வரிவரியாகக் குழிந்த போத்தலில் அகலம் மாறுவதால் அளவு பிழைக்கும். தோள்பகுதியில் வெட்டி, மூடியில்லாத மேல்துண்டைப் புனல்போலக் கவிழ்த்துச் செருகுங்கள். அடியில் கல் போட்டு, சுவர் நேராகும் இடம்வரை தண்ணீர் விட்டு, அங்கே பூச்சியக் கோடு போட்டு அடிமட்டத்தை (அளவுகோலை) ஒட்டுங்கள். கூரைத் தாழ்வாரமும் மரமும் எட்டாத வெளியில், மண் தெறிக்காதபடி வாய் ஓரடி உயரத்தில் நிற்கட்டும். காலை எட்டரைக்குப் பார்த்து, கோடுவரை வெளியே ஊற்றிவிடுங்கள். 10 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் முற்றத்தில் 10 லீற்றர் விழுந்திருக்கிறது. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டும். ஆகவே வாரம் இருமுறை கல்லையும் கொட்டி, உட்சுவரை உரஞ்சிக் கழுவ வேண்டும். வெறுமனே ஊற்றினால் முட்டை போகாது.

இலை பதிக்கத் தேக்கிலை நல்லது. நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே, அதன்மேல் மெல்லிய கடதாசி, கிரயோனைப் படுக்கவைத்துத் தேய்த்தால் சரி. பாலை இலையில் நரம்பு எழும்பாது. ஈர இலை கடதாசியைக் கிழிக்கும்.

இலை, விதை பொறுக்குவது வளவோடு நிற்கட்டும். கார்த்திகைப்பூச் செடி கிழங்கிலிருந்து பூ வரை நஞ்சு, குண்டுமணி விதையும் அப்படியே. மழை மண்ணை அரித்து, போர்க்காலத்தில் புதைந்தவற்றை வெளியே கொண்டுவரும். அறியாத உலோகத்தையோ பிளாஸ்ரிக்கையோ கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவரிடம் சொல்லப் பழக்குங்கள்.

வன்னி மாவட்டங்களின் மழைவீழ்ச்சியை மாரி முடியும்வரை தங்கள் பத்திரிகை நாள்தோறும் வெளியிட்டால், பிள்ளைகள் தங்கள் போத்தல் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

முன்பள்ளி ஆசிரியைகள்,
கிளிநொச்சி