டர்போ பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன், தம்பி

தம்பி,

முடிவு செய்துவிட்டேன். என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துப் பலம் கூட்டும் அந்த டர்போ வேண்டாம். பெட்டியைப் பிரிக்கவே இல்லை, அப்படியே உன் பெயருக்கு அனுப்பிவிடுகிறேன். காருக்குள் மாட்டும் இரும்புக் குழாய்க் கூண்டு, அந்த ரோல் கேஜும் வேண்டாம். பின் சீட்டைத் திரும்ப மாட்டியாகிவிட்டது. அதற்காகக் காரை விற்கப்போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்ட விடும் அடுத்த ட்ராக் நாளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஓட்டப்போவது நான்.

எந்தக் கார், அப்பா அதை எப்படி வைத்திருந்தார், நீ கிளம்பிப் போன பிறகு வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் உடனே குரல் ஏறிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். உன் நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். அந்த ட்ராக் நாளில் பேடாக்கில் (கார்களை நிறுத்திவைக்கும் இடத்தில்) நடந்ததில் அவர்கள் பார்த்தது பாதிதான்.

அந்த நேர்ப்பாதையின் முடிவை நினைத்தால் இப்போதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அதற்கு முந்தைய சுற்றிலேயே பிரேக் பெடல் கீழே இறங்க ஆரம்பித்திருந்தது. உன் முழங்கால் வழக்கத்தைவிட அதிகமாக நீள்வதைப் பார்த்துச் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் உனக்குக் கேட்டதா இல்லையா என்று இன்று வரை நீ வாய் திறக்கவில்லை. அடுத்த சுற்றில் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் போர்டைத் தாண்டியதும் மிதித்தாய். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரைக்கும் போனது. என்ஜின் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது, கார் முன்னால் குனியவே இல்லை. அந்தக் குனிவு வராதபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

நீ பதறவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். படபடவென்று பெடலைப் பம்ப் செய்தாய், கியரை ஒவ்வொன்றாக இறக்கினாய், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு சரளைக்குள் விட்டாய். அந்த வேகத்தில் வளைத்திருந்தால் சரளையில் பக்கவாட்டாகப் போய்ச் சக்கரம் புதைந்து உருண்டிருப்போம். டயர் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றோம். தூசி கண்ணாடியில் படிகிற வரைக்கும் நீ ஸ்டீயரிங்கை விடவில்லை. நீ நன்றாக ஓட்டுகிறவன்டா. இதை உன்னிடம் நேரில் ஒருநாளும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

ஆனால் பேடாக்குக்கு வந்ததும் என்ன சொன்னாய்? "ஒண்ணுமில்ல, ஆறினா சரியாயிடும்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நேர்ப்பாதையில் இழுவை பத்தவில்லை, டர்போ போட்டால் வேறு காராகிவிடும் என்று ஒருவர் பேச ஆரம்பித்தார். யார் என்று எழுதமாட்டேன். சற்று முன்னால் நிற்காமல் போன காரைச் சுற்றி நின்றுகொண்டு, அதை இன்னும் வேகமாக ஓட வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அதில் நீயும் சேர்ந்துகொண்டாய்.

அப்போதுதான் சாவியைப் பிடுங்கினேன். எல்லோர் முன்னாலும் அப்படிச் செய்ததற்கும், உன் கை கீறியதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு வருஷமாகக் கேட்க நினைத்தது இது. சாவியை எடுத்தது சரிதான். நீ மறுபடி ட்ராக்கில் இறங்கத் தயாராக இருந்தாய், என் கண்ணால் பார்த்தேன்.

ஆறினால் சரியாகிவிடும் என்பது எப்படிப்பட்ட பேச்சு என்று அன்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. இப்போது சொல்கிறேன். பெடல் கல் மாதிரி நின்றும் கார் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பேட் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். பெடல் உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உன் கால் பலம் முழுக்க அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே போய்விடும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயிலுக்கு அதே விதி கேட்பது வெறும் 155 டிகிரி. ஆபீஸுக்குப் போய் வரும் காருக்கு அது போதும். ட்ராக்கில் சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கிறபோது அந்த 155 எங்கே நிற்கும்? அப்புறம், ஆறிய பிறகு பெடல் திரும்பி வரும், ஆனால் உள்ளே இருப்பது அதே ஈர ஆயில்தான். அடுத்த செஷனில் அது இன்னும் சீக்கிரம் கொதிக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

அந்த ஆயிலை மாற்றச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணிக் காட்ட விரும்பவில்லை. ஏர் இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் செலவழித்ததில் ஒரு சின்னத் துண்டு போதும் அதற்கு. அந்தப் பணம் யாருடையது என்ற பேச்சையும் இங்கே எடுக்கமாட்டேன். அம்மாவும் படிப்பார்கள்.

உன் நண்பர்கள் பார்க்காத பாதி அதற்கப்புறம்தான் வந்தது. எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நாம் அதே காரில்தான் வீட்டுக்குப் போயாக வேண்டும். நான் டிக்கியிலிருந்து புது ஆயில் டப்பாவை எடுத்தேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாய். கால் மட்டும் பெடலில் இருந்தது, முகம் அந்தப் பக்கம். நான் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து, பழைய ஆயிலை வெளியே விடும் ப்ளீடர் நிப்பிளில் டியூபைச் செருகி ஸ்பேனரை வைத்தேன்.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன்."

நிப்பிளைத் திறந்ததும் காபி நிறத்தில் ஆயில் வந்தது, நடுநடுவே குமிழ்கள். ஒரு குமிழ் டியூபின் வளைவில் சிக்கி நின்றது, அடுத்த அழுத்தலில்தான் நகர்ந்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்தேன், கூப்பிடவில்லை. நீயும் எட்டிப் பார்க்கவில்லை. நிப்பிளை மூடுவேன், "விடு" என்பேன், விடுவாய். நாலு சக்கரமும் முடிகிற வரை இந்த வார்த்தைகளைத் தவிர நமக்குள் வேறு பேச்சு இல்லை. இருட்டிவிட்டது. கடைசிச் சக்கரத்தில் நான் சொல்வதற்கு முன்னாலேயே நீ பிடித்தாய், விட்டாய், எல்லாம் சரியான நேரத்தில். சின்ன வயதில் அப்பா கீழே படுத்துக்கொண்டு இதே வேலையைச் செய்யும்போது பெடலில் உட்கார நம் இரண்டு பேருக்கும் சண்டை வரும். அது உனக்கு அன்று ஞாபகம் வந்ததா?

வந்திருக்கும் என்று நம்பித்தான் மறுநாள் உன் அறைக் கதவைத் தட்டினேன். நீ ஏற்கனவே டர்போ ஆர்டர் செய்திருந்தாய்.

மினி கூப்பர் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்! 1964 மான்டே கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் அந்தக் குட்டிக் காரை வைத்துப் பெரிய கார்களை எல்லாம் ஜெயித்தார் என்று சொல்லும்போது உன் கண்ணே மாறிவிடும். எனக்கும் பிடித்த கதைதான். நீ விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. 1959இல் வந்த மினிக்கு 848 சிசி, 34 குதிரைத்திறன். ரேஸ் கார் கட்டும் ஜான் கூப்பர் கைவைத்து 1961இல் வந்த கூப்பருக்கு 997 சிசி, 55 குதிரைத்திறன். அந்த 55ஐக் கொடுத்த அதே காரில் முன்சக்கரங்களுக்கு 7 அங்குல டிஸ்க் பிரேக்கும் வந்தது. பிறகு கூப்பர் எஸ் வந்தபோது டிஸ்க் இன்னும் பெரிதானது. சின்னக் காரை வேகமாக்கத் தெரிந்தவர்கள் நிறுத்துவதையும் சேர்த்தேதான் யோசித்தார்கள். வேகத்தை 100லிருந்து 140க்கு ஏற்றினால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டர்போ உனக்கு நேர்ப்பாதையின் கடைசியில் கொடுக்கப்போவது அந்த 140ஐத்தான். நம் என்ஜினின் கம்ப்ரஷனுக்கு அதை அப்படியே ஏற்றினால் நாக்கிங் வரும் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்துத் தட்டும்), இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னால் இழுக்க வேண்டும், வெப்பம் ஏறும், கிளட்ச்சும் கியர்பாக்ஸும் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். திங்கட்கிழமை காலை அதே காரில் நான் வேலைக்குப் போக வேண்டும், தம்பி. உனக்கு அது வார இறுதிக் கார். எனக்குத் தினமும் அதுதான் கால்.

நீ போன பிறகு என்ன செய்தேன் என்று கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். பிரேக் ஆயிலை டாட் 5.1க்கு மாற்றினேன். புதிதாக 260, ஈரம் சேர்ந்தாலும் 180. ட்ராக் நாளுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் புதிது ஊற்றிவிடுவேன். முன்பக்க பேடுகளை மாற்றினேன். முழு ரேஸ் பேட் வாங்கவில்லை. அது சூடு ஏறினால்தான் பிடிக்கும், காலையில் முதல் சிக்னலில் அம்மா பக்கத்தில் இருக்கும்போது எனக்குப் பிடிக்க வேண்டும். சூட்டையும் தாங்கி, ஆறியிருக்கும்போதும் பிடிக்கிற நடுத்தர பேட் போட்டேன். கொஞ்சம் கத்துகிறது, டிஸ்க்கையும் கொஞ்சம் தின்கிறது. பரவாயில்லை.

டயர்தான் பெரிய மாற்றம். நாலும் ஒரே மாதிரி, நல்லது. ஒரே ஒரு பாகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்று யார் கேட்டாலும் டயரைத்தான் சொல்வேன். அதோடு சேர்த்துக் காற்று அளக்கும் கருவி. ட்ராக்கில் நாலு சுற்று போனதும் டயருக்குள் காற்றழுத்தம் ஏறிவிடும், அதனால் பிட்டுக்கு வந்ததும் சூட்டோடு அளந்து குறைக்க வேண்டும், வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். நீ இதற்கெல்லாம் குனிந்ததே இல்லை.

நீ போட்ட குட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டேன். வலிக்கும் என்று தெரியும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நம்மைப் போன்ற ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் அளவுக்கு மீறி இறக்கினால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் காரின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போகும், வளைவில் கார் சாய்வதற்கான நெம்புகோல் நீளம் கூடிவிடும், சக்கரம் அமுங்க அமுங்க அதன் மேல்பக்கம் உள்ளே சாய்கிற நெகட்டிவ் கேம்பரும் கிடைக்காது. இறக்கியதன் பலனை அதுவே தின்றுவிடும். இப்போது கொஞ்சம்தான் தாழ்வாக இருக்கிறது, நல்ல ஷாக் அப்சார்பரோடு. முன்னால் கேம்பர் போல்ட் போட்டு நெகட்டிவ் வைத்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவான டோவைக் கிட்டத்தட்ட நேராக விட்டேன், தினசரி ஓட்டத்தில் டயரைத் தேய்ப்பது பெரும்பாலும் டோதான்.

வளைவில் சாய்வதைக் குறைக்கும் உன் தடித்த பின்பக்க ஆன்டி ரோல் பாரை மட்டும் கழற்றவில்லை. அது நல்ல யோசனை. முன்சக்கர இழுவைக் கார் வளைவில் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போவதை அது அடக்குகிறது, உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தூக்கும்போது கார் திரும்புகிற விதம் எனக்கே பிடித்துப்போனது. மழையில் மட்டும் மென்மையான அமைப்புக்கு மாற்றிவிடுகிறேன். ஈரத்தில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே வருகிறது. அதை நீ எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவை ஏற்றிக்கொண்டு போன ஒரு மழை நாளில் நானாகத் தெரிந்துகொண்டேன். அதற்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

ரோல் கேஜ் ஏன் வேண்டாம் என்பதை நீயே சொல்லியிருக்கலாம், உனக்குத் தெரியாதது இல்லை. ட்ராக்கில் அது ஹெல்மெட் போட்ட தலைக்குப் பாதுகாப்பு. தெருவில் ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய். சாதாரண சீட்டில் நாலு முனை ஹார்னஸ் என்ற ரேஸ் பெல்ட்டை மாட்டுவதும் அப்படித்தான். மோதினால் தோள்பட்டை வார் இடுப்பு வாரை மேலே இழுத்துவிடும், உடம்பு அடியில் நழுவும். இந்தக் காரில் ஆட்கள் உட்கார வேண்டும். பின் சீட் வேண்டும், கம்பெனி பெல்ட் வேண்டும். எடை குறைக்க ஸ்பேர் டயர், ஜாக், டிக்கி சாமான் எல்லாவற்றையும் அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்து வைக்கிறேன்.

நான் மெதுவாகத்தான் இருப்பேன் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். முதல் செஷனில் அப்படித்தான் இருப்பேன். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஆற விட்டு வருவேன், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுவேன். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். சொல்லிக்கொடுத்துவிட்டு நீயே செய்யாமல் விட்டாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி. டர்போ பெட்டியை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது. விற்றால் அந்தப் பணம் உனக்கே, அதில் எனக்குப் பங்கு வேண்டாம். பழைய ஸ்பிரிங்குகளைத் துடைத்துக் கட்டி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அதையும் அனுப்புகிறேன். நீ கடைசியாக எடுத்த வீல் அலைன்மென்ட் தாள் உன் பையிலேயே போய்விட்டது என்று நினைக்கிறேன். பின்சக்கரங்களின் அளவு எனக்கு வேண்டும், ட்ராக் நாளுக்கு முன்னால் ஒப்பிட்டுப் பார்க்க. போட்டோ எடுத்து அனுப்பு. அப்புறம், அன்றைக்குப் பிட்டில் காற்று அளக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும். லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்.

அக்கா