மாமாவின் கூத்து வீடியோ

அன்பு மாப்ளே,

பென்னாகரத்தில் எல்லோரும் நலம். உங்கள் தோப்பில் பெங்களூரா மாங்காய் என்ன விலைக்குப் போனது என்று எழுதவே இல்லையே, அடுத்த கடிதத்திலாவது எழுது.

நீ அனுப்பிய கூத்து வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். மாமா துரியோதனனாக வந்து நிற்கும்போது மனசு நிறைந்துபோனது. ஆனால் கிரீடத்துக்குப் பின்னால் இருட்டு பட்டை பட்டையாகப் பிரிகிறது. அவர் கிறுகிறுவென்று சுற்றும்போது முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. கேமரா சரியில்லை என்று எழுதியிருந்தாய். கேமரா மேல் குறை இல்லை. எக்ஸ்போர்ட் செய்த கோப்பு 2 மணி நேரம், 45 ஜி.பி. என்றாய்; அப்படியானால் ஒவ்வொரு நொடிப் படத்துக்கும் 50 மெகாபிட் தகவல் இருக்கிறது. எனக்கு அனுப்ப அதை 1 ஜி.பி.க்குள் அடைத்திருந்தால் நொடிக்கு 1 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைத்திருக்கும். அதை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியதால் வாட்ஸ்அப்பும் இன்னொரு முறை சுருக்கியிருக்கும்.

வீடியோவில் ஒவ்வொரு படமும் முழுசாகப் பதிவாவதில்லை. முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதே பெரும்பாலும் பதிவாகும். திண்ணையில் உட்கார்ந்து பேசுபவருக்குக் கொஞ்சம் தகவல் போதும். கூத்தில் பாவாடையும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் சுழல்கின்றன. போதாததற்கு, இருட்டில் எடுத்தால் படம் முழுக்கப் பொடிப்புள்ளி. அது ஒவ்வொரு படத்திலும் மாறுவதால், இடமெல்லாம் அந்தப் புள்ளிக்கே செலவாகிவிடுகிறது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். அப்பா கடைசியாக ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியதை நான் எடுத்திருந்தேன். இடம் போதவில்லை என்று சின்னதாக்கிவிட்டு, அசலை அழித்துவிட்டேன். அருவித் தண்ணீரும் சாரலும் ஒவ்வொரு படத்திலும் புதுசு. இருந்த மெகாபிட்டை எல்லாம் அதுவே தின்றுவிட்டது. அப்பா சிரிக்கிறார் என்று தெரிகிறது, கண் தெரியவில்லை. போன நுணுக்கத்தை எந்த மென்பொருளாலும் அப்படியே மீட்க முடியாது.

அதனால் எனக்கு அனுப்பிய கோப்பைத் தொடாதே, 45 ஜி.பி. கோப்பிலிருந்து மறுபடி ஆரம்பி. வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இலவசம்தான், அதைப் போட்டுக்கொள். இத்தனை ஜி.பி. வேண்டும் என்று அளவைப் பிடித்துக்கொண்டு தொடங்காதே. தரத்துக்கு ஆர்.எஃப். என்று ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறைய தரமும் கோப்பின் அளவும் கூடும். எச்.264 என்ற சுருக்கும் முறைக்கு 20-இல் தொடங்கு. கூத்துக்கு 18 வரை இறங்கினாலும் தப்பில்லை. வேகத்தை ஸ்லோவில் வை. நேரம் கூடுதலாகும், ஆனால் அதே அளவில் படம் நன்றாக வரும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடு. இருட்டுப் பட்டைக்கு, அதற்கு அடுத்து வந்த எச்.265 முறையில், நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் நல்லது, ஆனால் பழைய டிவி சிலவற்றில் ஓடாது. ஊரில் போட்டுக் காட்ட எச்.264-இல் ஒன்று, உனக்கு எச்.265-இல் ஒன்று எடுத்துக்கொள். புள்ளியைக் குறைக்கும் ஃபில்டரை லேசாகவே போடு. கூட்டினால் கிரீடத்துக் கண்ணாடிச் சில்லின் மினுமினுப்பும் மழுங்கிவிடும்.

முழுசையும் ஓட்டுவதற்கு முன், ஒரே ஒரு நிமிடம் மட்டும் எடுத்துப் பார். லேசான இடத்தைத் தேர்ந்தெடுக்காதே. துரியோதனன் விழும் விடிகாலைப் படுகளத்தில் புழுதி கிளம்பும் அந்த நிமிடத்தை எடு. அங்கே முகம் தெளிவாக இருந்தால் மற்ற இடங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

முடிந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்பு, அப்படியே வரும். ஆனால் 2 ஜி.பி.க்கு மேல் போகாது, உன் கோப்பு அதைத் தாண்டும் என்றே நினைக்கிறேன். அப்புறம் என்ன, ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறு. அம்மாவும் மாமா வேஷத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்கிறார். இங்கே ஒரு நகல் எடுத்து வைக்கும் வரை அசலை அழித்துவிடாதே.

உன் மாப்ள,
பென்னாகரம்