ஸ்லீவா பைபாஸா என்பதற்கு முன், நெஞ்செரிச்சல் உண்டா என்று கேளுங்கள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும்,

வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஒன்றரை வருடத்துக்கு முன் மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில், எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவள். போன வாரம் குன்னூரில் உடல் பருமனுக்கு இலவச முகாம் நடந்தது. என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் தங்கை போய்வந்தாள். எடை, உயரம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்து, சீட்டில் ‘ஸ்லீவ்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நெஞ்செரிச்சல் பற்றி ஒரு கேள்வி இல்லை. அந்தச் சீட்டைப் பார்த்த ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னிடமும் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். பத்து வருடமாக நெஞ்செரிச்சல், காலையில் மாத்திரை போடாமல் பள்ளிக்கூடம் போனதில்லை என்றேன். “எடை குறைஞ்சா அதுவும் போயிடும்மா” என்றார்கள். ஸ்கேன், ஈசிஜி, ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். வாய் வழியே குழாய் விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கும் எண்டோஸ்கோப்பி மட்டும் எடுக்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு, ஆங்கிலத்தில் அச்சடித்த பதினோரு பக்கத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

எடை குறைந்தால் எதுக்களிப்பு, அதாவது நெஞ்செரிச்சல் தரும் அமிலம் மேலே ஏறுவது, குறையும் என்பது பொதுவில் சரிதான். ஆனால் ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறீர்கள். மிஞ்சுவது ஒரு ஒடுங்கிய குழாய். அதற்குள் அழுத்தம் கூடுகிறது, அமிலம் மேலே ஏறுகிறது. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்கவும் முடியாது. இன்னொரு வகை ஆபரேஷனான இரைப்பை பைபாஸில் மேலே சின்னப் பை ஒன்றை மட்டும் விட்டு, சிறுகுடலை அதோடு இணைக்கிறீர்கள். அந்தப் பையில் அமிலம் குறைவு. மிச்ச இரைப்பையில் சுரப்பதும் குடல் வழியே கீழே போய்விடுகிறது. எதுக்களிப்பு முற்றியவர்களுக்குப் பொதுவாக அதுவே பொருத்தம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பின்லாந்தில் 240 பேரை இரண்டு வகையாகப் பிரித்து ஆபரேஷன் செய்து, பத்து வருட முடிவை 2022இல் வெளியிட்டார்கள். உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ்காரர்களில் 31 சதவீதம், பைபாஸ்காரர்களில் 7 சதவீதம். இதை ஒரு பள்ளி ஆசிரியை தேடிப் படிக்க முடிகிறதென்றால், கவுன்சலிங் அறையில் சொல்ல முடியாதா?

என் ராத்திரியைச் சொல்கிறேன். படுத்த ஒரு மணி நேரத்தில் தொண்டை வரை புளிப்பு வந்துவிடும். மூச்சு அடைத்து எழுந்து உட்காருவேன். தலைமாட்டை உயர்த்தச் சொன்னார்கள் என்று வீட்டுக்காரர் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு ஒவ்வொரு செங்கல் வைத்தார். போதவில்லை, இரண்டிரண்டாக்கினார். கட்டில் சாய்ந்ததில் அவர் சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்குப் போய்விடுவார். இப்போது தரையில் படுக்கிறார், எங்கள் ஊர் ஜனவரிக் குளிரில். நானோ செங்கல் மேல் நிற்கும் கட்டிலிலும் படுக்க முடியாமல், கம்பளியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறேன். விடிந்து வகுப்பில் நின்றால் இருமல். நாலு பக்கமும் தேயிலை இருக்கிற ஊரில் ஒரு கிளாஸ் டீ குடித்து ஒரு வருடமாகிறது.

112 கிலோவிலிருந்து 79க்கு வந்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அந்த நன்றியை நான் மறைக்கவில்லை. ஸ்லீவே கூடாது என்றும் சொல்லவில்லை. எதுக்களிப்பு இல்லாத எத்தனையோ பேர் அதில் நன்றாக இருக்கிறார்கள். பைபாஸ் சுலபம் என்றும் நினைக்கவில்லை. இரும்புச்சத்து, பி12, கால்சியம் என்று ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். முட்டிவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகள் பலவற்றைத் தொடக்கூடாது. இனிப்பு அதிகம் தின்றால் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். குடலை ஒரே இடத்தில் இணைப்பதை மினி பைபாஸ் என்கிறார்களே, அதில் பித்தம் எதுக்களிக்க வாய்ப்பு உண்டு. இத்தனையையும் முன்னால் வைத்து, எது வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்பதுதான் என் கோபம்.

இன்னொரு மருத்துவர் இப்போது எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு, உணவுக்குழாயில் புண் இருக்கிறது, இரைப்பையின் மேல்நுனி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது என்றார். பைபாஸாக மாற்ற வேண்டுமாம். முதல் ஆபரேஷன் கடனே முடியவில்லை. ஊட்டியில் 2025இல் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்த பிறகும், இதற்கெல்லாம் கீழே இறங்குவதுதான் எங்களுக்குப் பழக்கமாக இருக்கிறது. மேட்டுப்பாளையம் மட்டும் 33 கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவிலும் வாயில் கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டு இறங்குகிறேன். வழியெல்லாம் ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனுக்குப் பின் என்று இரண்டு படம் போட்ட பேனர்கள். அந்த இரண்டாவது படத்துப் பெண் ராத்திரி படுத்துத் தூங்குகிறாளா என்று எந்த பேனரும் சொல்வதில்லை. முகாம் போட மலையேறி வருகிறவர்கள், ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்க்க ஒரு தடவையாவது ஏறி வந்திருக்கிறீர்களா?

குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். நெஞ்செரிச்சல் உண்டா, எத்தனை வருடமாக, என்ன மாத்திரை என்று முதல் நாளே கேளுங்கள். உண்டு என்றால் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் ஆபரேஷனை முடிவு செய்யாதீர்கள். எந்த ஆபரேஷன், ஏன் அது, அதனால் என்ன வரலாம் என்பதைத் தமிழில் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு வாரமாவது கொடுங்கள்.

அந்தத் தங்கைக்கு வயது 29. இந்த மாதக் கடைசியில் அட்மிஷன். அவள் கைப்பையில் எப்போதும் ஒரு ஜெலுசில் பாட்டில் இருக்கும். தயவுசெய்து அவளிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை