அகலிகையின் கல், பாண்டியனின் குடை: வழக்காடு மன்றத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

பாடசாலைத் தமிழ் விழா வழக்காடு மன்றத்தில் "அகலிகை குற்றவாளியே" என்று வாதாடும் பக்கம் உமக்கு விழுந்திருப்பதாக எழுதியிருந்தீர். அகலிகை கல்லாகிறாளே, அந்தக் கல் எதன் குறியீடு என்றும் கேட்டிருந்தீர். ரியூசன் கொப்பியில் "கல் என்பது உணர்வற்ற மனம்" என்று ஒரு வரி இருக்கிறதாம்; அதை மேடையில் சொன்னால் போதுமா என்பது உமது சந்தேகம். போதாது. அது பாட்டைப் பாராமல் எழுதப்பட்ட வரி.

யாழ்ப்பாணத்தில் வழக்காடு மன்றம் என்றால் இன்றைக்கும் சனம் வரும். 1980இல் இங்கே தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறையே உண்டு. பிள்ளைகளைப் பாட்டுக்குள் இழுத்துவர அதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியாது. ஆனால் அதில் ஒரு கெடுதியும் இருக்கிறது. வாதாடுகிறவர் தமக்கு வேண்டிய அடியை மட்டும் உருவி எடுத்துக்கொள்வார். கம்பரோ இரு பக்கத்துக்கும் வேண்டியதை ஒரே படலத்துக்குள் வைத்திருக்கிறார். அதனால் தீர்ப்பை மறந்துவிட்டு, இந்திரன் கௌதம முனிவனின் உருவில் அம்முனிவனின் மனைவி அகலிகையிடம் வரும் இந்தக் கம்பராமாயணப் பாட்டை முதலில் படியும்:

புக்கு, அவளோடும், காமப் புது மண மதுவின் தேறல்
ஒக்க உண்டு இருத்தலோடும், உணர்ந்தனள், உணர்ந்த பின்னும்,
'தக்கது அன்று' என்ன ஓராள். தாழ்ந்தனள் இருப்ப, தாழா
முக்கணன் அனைய ஆற்றல் முனிவனும், முடுகி வந்தான்.

கோயிலில் கந்தபுராணம் படிப்பதைக் கேட்டிருப்பீர். ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். வாசிப்பு முடியுமுன் பயன் தொடங்காது. அந்த ஒழுங்கையே நீரும் பிடியும். உரையைத் திறக்காமல் இரண்டு தரம் வாய்விட்டு வாசியும். மூன்றாவது தரம் முக்கியமான வினைச்சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போடும். உண்டு, உணர்ந்தனள், உணர்ந்த, ஓராள், தாழ்ந்தனள், வந்தான். கதை முழுவதும் இந்த வினைகளில் நடக்கிறது.

இப்போது "உணர்" என்ற வினை இரண்டு தரம் வருவதைப் பாரும். வந்தவன் கௌதமன் அல்லன் என்று அவள் உணர்கிறாள். அங்கே கம்பர் ஒரு அரைப்புள்ளி அளவுக்கு நிற்கிறார். பிறகு அதே சொல்லை மறுபடி எடுத்து "பின்னும்" என்று நீட்டுகிறார். அந்த "உம்"மில்தான் உமது வழக்கு இருக்கிறது. ஆனால் அடுத்து அவளுக்கு வரும் வினை என்ன? "துணிந்தாள்" இல்லை, "விரும்பினாள்" இல்லை. "ஓராள்". தகாது என்று எண்ணிப் பார்க்கவில்லை. தெரிந்ததற்கும் எண்ணிப் பார்ப்பதற்கும் இடையில் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் குற்றத்தை வைத்திருக்கிறார் கம்பர். மதுவை அந்த இடத்தில் சும்மா வைக்கவில்லை. தேறல் உண்டவருக்கு அறிவு அற்றுப்போவதில்லை, நிறுத்துப் பார்க்கும் வலுத்தான் தளரும். உவமையும் வினையும் ஒன்றையொன்று தாங்குகின்றன. குறியீட்டுக்கு விளக்கம் எழுதும்போது இப்படி ஒரு வினையோடு கட்டி எழுதினால்தான் அது நிற்கும். கட்டாமல் விட்டால் எந்தக் கல்லுக்கும் எந்தப் பொருளும் சொல்லலாம்.

அடுத்த பாட்டில்தான் கல்லுக்கான விடை இருக்கிறது. முனிவன் வருகிறான். "நெடும் பழி பூண்டாள் நின்றாள்" என்று அகலிகைக்கும், "புரந்தரன் நடுங்கி, ஆங்கு ஓர் பூசை ஆய்ப் போகலுற்றான்" என்று இந்திரனுக்கும் கம்பர் எழுதுகிறார். ஒருத்தி நிற்கிறாள், ஒருவன் நழுவுகிறான். சாபம் இன்னும் வரவில்லை, கல்லும் வரவில்லை. ஆனாலும் அவள் அசையாமல் நின்றாயிற்று. பிறகு வரும் கல், அந்த நிற்றலின் நீட்சி. பழியை அவள் "பூண்டாள்" என்கிறார். நகையைப் பூணுவதற்குச் சொல்லும் வினை. ஆகவே கல் உணர்வற்ற மனம் என்று சொல்லவே இடமில்லை. ஓடாமல் நின்று பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட உடம்பு அது. உணர்வு அற்றவள் என்றால் சாபத்தைக் கேட்டதும் "பிழைத்தது பொறுத்தல் என்றும் பெரியவர் கடனே" என்று பேசியிருக்க மாட்டாள். "இந்திரன் ஏமாற்றினான்" என்று அவள் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. "பிழைத்தது" என்று தானே சொல்கிறாள். உமது கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சியம் கிடையாது. எதிர்க்கட்சிக்கும் இதுதான் மிகவும் வலுவானது. அவர்கள் எடுக்குமுன் நீர் எடுத்துவிடும்.

கல்லையும் பூனையையும் கம்பரே புனைந்தார் என்று மேடையில் சொல்லிவிடாதையும். பரிபாடல் 19ஆம் பாட்டில், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைப் பார்க்கிறவர்கள், இது இந்திரனாகிய பூனை, இவள் அகலிகை, இவன் கௌதமன், இது அவள் கல்லுருவான விதம் என்று ஒருவருக்கொருவர் காட்டிச் சொல்கிறார்கள். அவ்வளவு பழையது. வான்மீகியிலோ கல்லே இல்லை. அங்கே அவள் காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கவேண்டும் என்பது சாபம். வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே இணங்கினாள் என்றும் வான்மீகி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். கம்பர் அதை மறைக்கவும் இல்லை, அப்படியே எடுக்கவும் இல்லை.

இனி இந்திரனின் தண்டனையைப் பாரும். அவன் உடம்பெல்லாம் பெண்குறிகள் தோன்றுகின்றன. தேவர்கள் பிரமனை முன்னிட்டு வந்து கௌதமனை வேண்ட, அவை ஆயிரம் கண்களாகிவிடுகின்றன. அவனுடைய இழிவு சில அடிகளுக்குள் அணியாக மாறிவிட்டது. அவளோ இராமன் வரும்வரை கல். இந்த ஏற்றத்தாழ்வைக் கம்பர் கண்டிக்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். 1943இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' சிறுகதையில் அதைத்தான் பிடித்துக்கொண்டார். சீதையையும் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். குறியீடு அதே கல்தான். ஆனால் முதல் தரம் பழி அவள்மேல், இரண்டாம் தரம் பழி வேறு இடத்தில். "கல் என்றால் இதுதான்" என்று நிரந்தரப் பொருள் எழுதும் பழக்கம் இங்கேயே உடைந்துவிடும்.

எதிர்க்கட்சிக்காரர் கட்டாயம் எடுக்கப்போவது "நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக" என்ற அடியை. பயப்படவேண்டாம். அந்த அடியை யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்று கேளும். விசுவாமித்திரர், கௌதமனிடம், மனைவியை ஏற்றுக்கொள் என்று இணக்கம் பேசும்போது சொல்வது அது. "ஓராள்" என்பதும் விசுவாமித்திரர் வாயில் வருவதுதான், ஆனால் அது இராமனுக்கு நடந்த கதையைச் சொல்லும்போது. கதை சொல்லும் கூற்றையும் இணக்கம் பேசும் கூற்றையும் ஒரே தட்டில் வைப்பதுதான் நம்முடைய மேடைகளிலும் சோதனைத் தாள்களிலும் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டும் முரணா என்றால், முரண் என்று நான் நினைக்கவில்லை. நெஞ்சு போய்த் தேடிய பிழை அல்ல, நெஞ்சு விழிக்கத் தவறிய பிழை. ஆனால் இது என் கருத்து. நீர் வேறு விதமாக வாதாடலாம், இரண்டு அடிகளையும் சபைக்குச் சொல்லிவிட்டு.

"ஓராள்" போன்ற எதிர்மறைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சிலப்பதிகாரத்துக்குப் போனால் எவ்வளவு கிடைக்கிறது என்று பாரும். கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் சொல் கேட்ட பாண்டியனை இளங்கோ "சினையலர் வேம்பன் தேரான் ஆகி" என்கிறார். வேப்பம்பூ மாலை, குலத்தின் அடையாளம், கழுத்தில் இருக்கிறது. ஆராய்வு மட்டும் இல்லை. அவன் அப்போது ஊடல்கொண்ட அரசியிடம் விரைந்துகொண்டிருக்கிறான் என்பதையும் சேர்த்துப் படியும். அவனுடைய சபலம் அவ்வளவுதான், ஒரு வாசலைத் தாண்டும் அவசரம். நான்கு காதை கழித்து வழக்குரை காதையில் கண்ணகி அரசனிடம் வாய் திறக்கும்போது முதல் சொல் "தேரா மன்னா". கவி சொன்னதை அவள் கேட்டிருக்க முடியாது, நாம் கேட்டிருக்கிறோம். கோவலனும் இப்படித்தான். தன் பிழைகளை வரிசையாகச் சொல்லிவருகிறவன் "வழுவெனும் பாரேன்" என்கிறான். அவன் சிலம்போடு புறப்படும்போது ஏறு எதிரே பாய்கிறது, அது தீநிமித்தம் என்று "அறியான்". ஓராள், தேரான், பாரேன், அறியான். நம்முடைய பழைய கவிகள் குற்றத்தைக் காட்டும் இடத்தில் பெரிய வசைச்சொல்லைத் தேடுவதில்லை. செய்யாமல் விட்ட ஒரு சின்ன வேலையைச் சொல்கிறார்கள்.

சிலம்பைக் குறியீடாக எழுதுகிறவர்கள் அது கைமாறும் வழியைக் கொப்பியில் எழுதிவிட்டுத் தொடங்கவேண்டும். 4ஆம் காதையில் பிரிந்திருக்கும் கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை. 9இல் "சிலம்புள கொண்ம்" என்று அவளே கொடுக்கிறாள். 16இல் கோவலன் ஒன்றை விற்கப் போகிறான். 20இல் அது அரசவையில் உடைகிறது. உடைந்தது எந்தச் சிலம்பு என்று கேட்டால், பலர் அவள் கையில் ஏந்தி வந்தது என்பார்கள். இல்லை. "தருகெனத் தந்து தான்முன் வைப்ப" என்று இருக்கிறது. கோவலனிடமிருந்து பறித்ததை அரசன் வரவழைத்து முன்னே வைக்க, அதைத்தான் உடைக்கிறாள். வழக்கே அந்தச் சிலம்பைப் பற்றியது அல்லவா? தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று உண்மை சொன்னவன் பாண்டியன். உடைத்ததில் தெறித்தது மாணிக்கம். அதுவும் "மன்னவன் வாய்முதல்" தெறித்தது. "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்று ஆணை பிறந்த வாய் அது. மணி கண்டவுடன் அவன் "தாழ்ந்த குடையன், தளர்ந்த செங்கோலன்" ஆகிவிடுகிறான். "யானோ அரசன், யானே கள்வன்" என்று அவன் சொல்லுமுன் குடை சொல்லிவிட்டது.

உயர்தரத்தில் ஆங்கில இலக்கியமும் எடுக்கிறீர் என்பதால் ஒன்று சொல்கிறேன். சேக்ஸ்பியரின் மக்பெத்தை வாசித்த கையோடு வருகிறவர்களுக்கு நம் காப்பியங்களில் குற்றவுணர்வே இல்லாததுபோலத் தோன்றும். மக்பெத் நிறுத்துப் பார்த்துவிட்டுச் செய்கிறவன். உறவினன், குடி, விருந்தோம்புபவன் என்று அரசனைத் தான் கொல்லக்கூடாத காரணங்களை முதல் அங்கத்தின் 7ஆம் காட்சியிலேயே சொல்லிவிடுகிறான். அதனால் தண்டனையும் உள்ளேயே நடக்கிறது. இரண்டாம் அங்கத்தில் கொஞ்சத் தண்ணீர் போதும் என்ற அவன் மனைவி, ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். நம் கவிகளிடம் அந்த இரத்தக்கறையைத் தேடாதையும். இங்கே குற்றம் வெளியே வந்து குடையிலும் கோலிலும் கல்லிலும் கண்ணிலும் ஏறுகிறது. விதிவிலக்காக இராவணனைச் சொல்லலாம். சீதையைக் கவருமுன்னே அவளை "இதயமாம் சிறையில் வைத்தான்" என்றும், அவன் உள்ளம் வெயிலில் வைத்த வெண்ணெய்போல "மெல்ல மெல்ல" உருகியது என்றும் கம்பர் உள்ளே போய்க் காட்டுகிறார். அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

பேச்சை இப்படி வைத்துக்கொள்ளும். "புக்கு, அவளோடும்" பாட்டை முழுதாகச் சொல்லும். பாதியில் வெட்டினால் "ஓராள்" போய்விடும், வழக்கும் போய்விடும். அடுத்து நின்றவளையும் நழுவியவனையும் காட்டும். பிறகு "பிழைத்தது". எதிர்க்கட்சிக்கு விடையாகக் கதை சொல்லும் கூற்று, இணக்கம் பேசும் கூற்று. கற்பு, பெண்மை என்று பொதுப்பேச்சுக்குப் போகவேண்டாம். நேரம் அதில்தான் கரையும். உரைக்கு வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியாரைப் பாரும். சிலம்புக்கு ந.மு.வேங்கடசாமி நாட்டார் போதும். அடியார்க்கு நல்லார் உரை வழக்குரை காதைக்குக் கிடைக்கவில்லை, வீணாகத் தேடி அலையாதையும். இன்னொன்று, "பூசை" என்று சொன்ன உடனேயே "பூனை" என்றும் சொல்லிவிடும். சபையில் பாதிப்பேர் கோயில் பூசை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த அடி முழுவதும் வீண்.

அன்புடன்,
தமிழ் படிப்பிக்கும் ஒருவர்