யார் யூதர், எந்தப் பக்கம்? வாசகர் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். அதில் நான் கை வைக்கவில்லை.

ஆண்டுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மாதாமாதம் படித்துப் பேசுவது நம் வட்டத்தின் வழக்கம். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம், சங்கப் பாடல்களின் தாவரங்கள் என்று பொள்ளாச்சியை விட்டு அதிக தூரம் போகாமல் இருந்தவர்கள் நாம். இந்த ஆண்டு ஏன் யூதர் அடையாளமும் அரசியலும் என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். அவர்கள் சென்ற பொதுக்குழுவுக்கு வராதவர்கள். அன்று காஸா பற்றிப் பேச்சு வந்தது. "யூதர்னாலே இஸ்ரேல் பக்கம்தானே, இதுல என்ன பேச இருக்கு?" என்றார் ஒருவர். "2023 அக்டோபர்ல நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துல உக்காந்து போரை நிறுத்தச் சொல்லிக் கைதானவங்க யாரு? யூதர்கள்தானே?" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. இரண்டு பேருமே குரலை உயர்த்தினார்கள். தலைவர் மணியைத் தட்டி, "சரி, ஆண்டு முழுக்கப் படிச்சுட்டு அப்புறம் சண்டை போடலாம்" என்றார். தீர்மானம் இப்படித்தான் நிறைவேறியது.

முதல் கூட்டத்தில் நம் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் எட்வின் மாண்டேகுவைப் பற்றிப் பேசினார். பள்ளிப் பாடத்தில் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அதே மாண்டேகு. 1917 ஜூலையில் பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்கான செயலாளரானார். ஆகஸ்ட் 20 அன்று, இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தரப்படும் என்று அறிவித்தார். மூன்றே நாள் கழித்து அதே மேசையிலிருந்து இன்னொரு தாள் போனது. பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லமாக அறிவிக்க அமைச்சரவை யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதை எதிர்த்து எழுதிய குறிப்புக்கு அவர் வைத்த தலைப்பே, இந்த அரசு யூத வெறுப்பு அரசு என்று சொல்வதுதான். எதிர்த்தவர் அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர்.

அவர் வாதம் இது. யூதர் என்பது மதம், தேசம் அல்ல. பாலஸ்தீனம்தான் உங்கள் வீடு என்று சொல்லிவிட்டால், ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களைப் பார்த்து "உங்க வீட்டுக்குப் போங்க" என்று சொல்லத் தொடங்கும். அக்டோபர் கூட்டத்தில் சொந்தச் சிக்கலையும் சொன்னார்: என் தேசிய இல்லம் துருக்கியர் ஆளும் மண்ணில் இருக்கிறது என்று என் அரசே உலகுக்கு அறிவித்துவிட்டால், அந்த அரசின் பெயரால் நான் எப்படி இந்தியர்களோடு பேசுவது? நவம்பர் 2 அன்று அந்தத் தேசிய இல்ல அறிவிப்பு பால்ஃபர் அறிக்கையாக வெளியானபோது அவர் இந்தியப் பயணத்தில் இருந்தார். டிசம்பரில் மதராஸுக்கும் வந்து பல தரப்புக் குழுக்களைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புகளின் தொடர்ச்சிதான் 1919 சட்டமும், 1920 தேர்தலும், நீதிக்கட்சி ஆட்சியும். மற்ற நாடுகளில் யூதர்கள் அனுபவிக்கும் உரிமைக்குப் பங்கம் வரக் கூடாது என்று பால்ஃபர் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி உண்டு. மாண்டேகு போன்றவர்களின் எதிர்ப்பைத் தணிக்க வந்த வரி அது.

இதில் நம் உறுப்பினர்களைச் சிரிக்க வைத்தது குடும்ப விவகாரம். அமைச்சரவையில் சியோனியத்துக்கு, அதாவது யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டும் என்ற இயக்கத்துக்கு, முதலில் அடித்தளம் போட்ட ஹெர்பர்ட் சாமுவேல், மாண்டேகுவுக்குப் பெரியப்பா சித்தப்பா பிள்ளை முறை. 1920இல் பாலஸ்தீனத்துக்கு முதல் பிரிட்டிஷ் ஹை கமிஷனராகப் போனவரும் சாமுவேல்தான். ஒரே குடும்பம், ஒரே மதம், ஒரே கட்சி. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் ஆளுக்கொரு திசை. "எங்க வீட்டுல இதை விட மோசம்" என்று நெகமத்துக்காரர் சொன்னது குறிப்பேட்டில் பதிவாகவில்லை, இங்கே பதிவாகட்டும்.

அடுத்த கூட்டம் 1897 என்ற ஒரே ஆண்டைப் பற்றியது. ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முதல் சியோனிய மாநாடு. அக்டோபரில் வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) பண்ட் என்ற யூதத் தொழிலாளர் கட்சியின் தொடக்கம். முன்னவர்கள் தனி நாடு கேட்டார்கள். பின்னவர்கள், வாழும் மண்ணிலேயே கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசிக்கொண்டு, சோசலிஸ்டுகளாக உரிமைக்குப் போராடுவோம் என்றார்கள். 1912இல் அகுதத் இஸ்ரேல் என்று மூன்றாவதாக ஓர் அமைப்பு வந்தது. அதன் ஆசாரவாதிகளுக்கு இந்த இரண்டு பேருமே மதத்தை விட்டவர்கள். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த பகுதிக்குக் கெட்டோ என்று பெயர்; நாஜிகளை எதிர்த்த வார்சா கெட்டோ எழுச்சியின் தளபதிகளில் ஒருவரான மாரெக் எடல்மன் பண்ட்காரர். போருக்குப் பிறகும் இஸ்ரேலுக்குப் போகாமல் போலந்திலேயே இதய மருத்துவராக இருந்து 2009இல் இறந்தார். பேச வேண்டியவருக்குக் காய்ச்சல் என்பதால் அவர் எழுதி அனுப்பியதை நானே படித்தேன். விவாதம் சோபிக்கவில்லை.

ஆண்டின் மிக நீண்ட கூட்டம் யூதர் யார் என்ற சட்டக் கேள்வியில் நடந்தது. நம் வழக்கறிஞர் உறுப்பினர் தீர்ப்புகளின் சுருக்கத்தை எல்லாருக்கும் படியெடுத்துத் தந்தார். ஜெராக்ஸ் செலவையும் அவரே ஏற்றார். நன்றி.

1950இல் இஸ்ரேல் திரும்பும் சட்டம் இயற்றியது. எந்த யூதரும் வந்து குடியேறலாம் என்ற அந்தச் சட்டம், யூதர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. போலந்து யூதரான ஆஸ்வால்டு ருஃபைசன், போர்க்காலத்தில் தன் அடையாளத்தை மறைத்து, மிர் என்ற ஊரில் ஜெர்மன் காவலர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். கெட்டோவை அழிக்கப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட, சுமார் 300 பேர் காட்டுக்குத் தப்பினார்கள். பிடிபட்டு, தப்பி, ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கராகி, பின்னர் துறவியும் ஆனார். ஹைஃபாவில் இருந்த துறவு மடத்துக்கு வந்தவர், நான் மதத்தால் கத்தோலிக்கன், இனத்தால் யூதன், திரும்பும் சட்டப்படி குடியுரிமை கொடுங்கள் என்று வழக்குப் போட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மதச் சட்டப்படி பார்த்தால் யூதத் தாய்க்குப் பிறந்தவர் மதம் மாறினாலும் யூதர்தான். நீதிபதிகளோ அந்தச் சட்டத்தைப் பின்பற்றவில்லை. சாதாரண மக்கள் பேச்சில் கத்தோலிக்கத் துறவியை யாரும் யூதர் என்று சொல்ல மாட்டார்கள் என்றார்கள். ருஃபைசன் பிறகு வேறு வழியில் குடியுரிமை பெற்று, அங்கேயே 1998இல் காலமானார்.

1970இல் எதிர்த்திசையில் ஒரு வழக்கு. ஷாலித் என்ற கடற்படை அதிகாரி மதநம்பிக்கை இல்லாதவர், மனைவி யூதர் அல்ல. பிள்ளைகளை யூத இனத்தவர் என்று பதிவு செய்யச் சொன்னார். ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அவர் பக்கம். அரசே ஆட்டம் கண்டது. இரண்டு மாதத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள்: யூதத் தாய்க்குப் பிறந்தவரோ யூத மதத்துக்கு மாறி வந்தவரோ, வேறு மதத்தில் இல்லாதவராக இருந்தால், அவரே யூதர். ஆனால் குடியேறும் உரிமை மட்டும் யூதரின் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அவர்களின் துணைக்கும் உண்டு. விளைவு, சோவியத் யூனியன் உடைந்தபோது வந்தவர்களில் லட்சக்கணக்கானோர் குடிமக்கள்தான், ராணுவத்தில் சேர்பவர்கள்தான், ஆனால் யூத மதகுருமார்களான ரபிகளின் கணக்கில் யூதர் இல்லை. அங்கே சிவில் திருமணம் கிடையாது என்பதால் பலர் கல்யாணத்துக்கு சைப்ரஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். "ரேஷன் கார்டுல பேர் இருக்கு, பந்தியில இலை இல்லை" என்று வழக்கறிஞர் சொன்னதற்குக் கைதட்டல் விழுந்தது.

அதே கூட்டத்தில் பெனே இஸ்ரேல் மக்களைப் பற்றியும் பேசினோம். கொங்கண் கரையில் செக்கு ஆட்டிய இந்திய யூதர்கள் இவர்கள். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை செக்கை நிறுத்துவதால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமைச் செக்கார் என்றே அழைத்தார்கள். இஸ்ரேலுக்குப் போன பிறகு அங்குள்ள தலைமை ரபிகள் இவர்களின் வம்சம் சுத்தமா என்று சந்தேகப்பட்டு, திருமணத்துக்கு முன் பாட்டி முப்பாட்டி வரை விசாரிக்கச் சொன்னார்கள். இவர்கள் ஜெருசலேம் தெருவில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 1964 ஆகஸ்டில் இவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட வேண்டி வந்தது. இங்கே ஒரு கருத்தைச் செயலாளராக இல்லாமல் உறுப்பினராகச் சொல்கிறேன். இந்தக் கேள்வியை மதம் எழுப்புவதை விட அலுவலகப் படிவம்தான் அதிகம் எழுப்புகிறது. படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால், அதை நிரப்ப ஒரு அதிகாரி வந்துவிடுகிறார்.

அமெரிக்கா பற்றிய கூட்டத்துக்குக் கல்லூரி மாணவர்கள் வந்தது மகிழ்ச்சி. அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்து 2021 மே மாதம் வெளியிட்ட கணக்கை வைத்துப் பேசினோம். பத்தில் ஏழு யூதர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம். ஆனால் ஆர்த்தடாக்ஸ் என்ற ஆசாரப் பிரிவினரில் நான்கில் மூவர் குடியரசுக் கட்சிப் பக்கம். 27 சதவீதம் பேர் எனக்கு மதமே இல்லை, ஆனாலும் நான் யூதர் என்கிறவர்கள். யூதராக இருப்பதற்கு எது இன்றியமையாதது என்று ஒவ்வொன்றாகக் கேட்டதற்கு, நாஜி இனப்படுகொலையை நினைவில் வைத்திருப்பது என்று 76 சதவீதமும், இஸ்ரேல் மேல் அக்கறை என்று 45 சதவீதமும், நகைச்சுவை உணர்வு என்று 34 சதவீதமும் சொன்னார்கள். மதச் சட்டத்தைக் கடைப்பிடிப்பது? 15 சதவீதம். சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்களிலும் சத்மார் ஹசிதிகள் என்ற தீவிர ஆசாரப் பிரிவினர் சியோனியத்தையே பாவம் என்கிறார்கள். தாடியையும் கறுப்புக் கோட்டையும் பார்த்துக் கட்சியை ஊகிக்க முடியாது. சென்ற பொதுக்குழுவில் குரல் உயர்த்திய இருவரும் அன்று வந்திருந்தார்கள். இருவரும் ஆளுக்குப் பிடித்த எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போனார்கள்.

காந்தி பற்றிய கூட்டத்துக்குத்தான் வருகை அதிகம். டால்ஸ்டாய் பண்ணைக்கு 1910இல் நிலம் தந்தவர், ஜோகன்னஸ்பர்க் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், ஒரு யூதர். அங்கே தங்கிய சத்தியாகிரகிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1913 போராட்டத்தில் காலன்பாக்கும் சிறை போனார். பிற்காலத்தில் சியோனியரான அவர், 1937இல் காந்தியின் ஆதரவைக் கேட்க இந்தியா வந்தார். கிடைக்கவில்லை. இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு எப்படியோ அப்படியே பாலஸ்தீனம் அரபிகளுக்கு என்று 1938 நவம்பர் 26 ஹரிஜன் இதழில் காந்தி எழுதினார். ஜெர்மானிய யூதர்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்றும் எழுதினார். ஜெருசலேமிலிருந்து தத்துவவாதி மார்ட்டின் பூபர் பதில் எழுதினார். தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்குப் பின்னால் இந்தியா என்ற தாய்நாடு இருந்தது, எங்களுக்கு எது இருக்கிறது என்பது அவர் கேள்வி. கவனிக்க வேண்டியது, பூபர் யூதர்களுக்கு மட்டுமான தனி நாடு கேட்டவர் அல்ல. அரபிகளும் யூதர்களும் சமமாக ஆளும் ஒரே நாடு வேண்டும் என்றவர். நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் வழிவந்த உறவினர் நம் உறுப்பினர் ஒருவருக்கு உண்டு. பூபரின் கேள்வி நியாயமானதுதான், ஆனால் அங்கே ஏற்கனவே குடியிருந்தவர்களுக்கும் அதே கேள்வி உண்டே என்றார் அவர். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மார்ச் மாதம் வேன் வைத்துக் கொச்சி போய் வந்தோம். சனிக்கிழமை தொழுகைக்கூடம் மூடியிருக்கும் என்பதால் ஞாயிறு. மட்டாஞ்சேரி பரதேசி (வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பொருள்) தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையில் கான்டன் நகரிலிருந்து வந்த நீல வெள்ளைச் சீன ஓடுகள். மேலே விளக்குகளைப் பார்ப்பதா கீழே ஓடுகளைப் பார்ப்பதா என்று எல்லாரும் கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தோம். நான் பார்க்கப் போனது வாசலை ஒட்டிய முன்கூடத்தை. ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் (1882–1967) சென்னையில் படித்தவர், கொச்சி சட்டசபை உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனவர். ஆனால் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர் என்பதால், 'வெள்ளை' யூதர்களின் இந்தக் கூடத்தில் உள்ளே உட்கார அவருக்கு உரிமை இல்லை. வேதம் வாசிக்கவும் அழைக்க மாட்டார்கள். காந்தியிடம் கற்ற முறையிலேயே தன் சமூகத்துக்குள் சத்தியாகிரகம் செய்து, தடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தகர்த்தார்.

அவரே 1933இல் பாலஸ்தீனம் போய்ப் பார்த்து சியோனியரானார். சுதந்திரத்துக்குப் பின் கொச்சி யூதர்கள் இஸ்ரேல் போவதற்கு அவர்களுக்காகப் பேசினார். தான் மட்டும் கொச்சியிலேயே இருந்து இறந்தார். ஒரு மகனுக்குப் பால்ஃபர் என்று பெயர். அந்த மகன் 1950இல் 'வெள்ளை' யூதக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்ய, உள்ளூரில் எதிர்ப்பு எழுந்ததால் பம்பாய் போக வேண்டி வந்தது. காங்கிரஸ்காரர், சியோனியர், சாதி எதிர்ப்பாளர், ஆசாரமான யூதர் எல்லாம் ஒரே ஆளுக்குள். ஆண்டு முழுக்கப் பேசியதில் என் மனதுக்கு நெருக்கமானவர் இவர்தான், மறைப்பானேன்.

இனி நிர்வாகம். கூட்ட அரங்கின் வாடகையை உரிமையாளர் உயர்த்தியிருக்கிறார். ஜூன் முதல் புதிய தொகை. ஒரு மூத்த உறுப்பினர், "நம்ம ஊர் விஷயம் ஆயிரம் இருக்கையில இதெல்லாம் எதுக்கு" என்று எழுதிக் கொடுத்து விலகினார். கடிதம் கோப்பில் உள்ளது. சந்தாவைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதால் அவர் பெயரை இன்னும் அடிக்கவில்லை. இந்த ஆண்டுக்காக வாங்கிய புத்தகங்களில் இரண்டு திரும்பி வரவில்லை. யாரிடம் என்பது எடுத்தவர்களுக்கே தெரியும்.

அடுத்த ஆண்டுப் பொருளாக மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன: தென்னை வாடல் நோய், நேட்டால் தமிழர் வரலாறு, தோல்பாவைக் கூத்து. வாக்கெடுப்பைத் தேநீருக்கு முன்பே வைத்துவிடலாம், அப்புறம் வைத்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்