கல்லறைத் தோட்ட நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கு, கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

போன சித்திரையில் எங்கள் அப்பத்தாவின் அடக்கத்தில் நடந்தது மதுரையில் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவுக்குப் பக்கத்தில் குழி கேட்டோம். "அவங்க நம்ம சபை இல்லையே" என்றீர்கள்.

அந்த ஒன்றரை நாள் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதை நீங்கள் பார்க்கவில்லை. தாத்தாவின் 1994 அடக்க ரசீதை எடுத்துக்கொண்டு, 68 வயது அப்பா உங்களில் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்றார். மதியம் கரண்ட் போய் ஐஸ் பெட்டியின் சத்தம் நின்றது. கண்ணாடியில் நீர் கோத்து அப்பத்தாவின் முகம் மங்கியது. அத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். நீர் உள்பக்கம் இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

அப்பத்தா பாப்டிஸ்ட் சபை. விவரம் தெரிந்த வயதில் விசுவாச அறிக்கை செய்து வைகையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். தாத்தா உங்கள் சபை. 41 வருஷம் ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஆராதனைக்குக் கிளம்பினார்கள். தாத்தா போன பிறகு, ஈஸ்டருக்கு முந்தின நாள் அந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தது அப்பத்தாதான். அப்போது யாரும் எந்தச் சபை என்று கேட்கவில்லை.

ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்கு மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தீர்கள். 1793-இல் வங்காளத்துக்கு வந்து, 1834-இல் சேராம்பூரில் அடக்கமானவர். அவரும் பாப்டிஸ்ட்தான். உங்கள் விதிப்படி அவருக்கும் இங்கே இடம் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் எடுக்கும்போது பார்க்காத சபையை, பிணம் வாசலில் கிடக்கும்போது பார்க்கிறோம். ஐக்கிய ஜெபக் கூட்டத்தில் கைகோத்து நிற்கிறோம், அப்புறம் ஆறடி மண்ணில் வேலி போடுகிறோம்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: தோட்டத்தில் கணவனோ மனைவியோ இருந்தால், மற்றவர் எந்தச் சபையானாலும் பக்கத்தில் அடக்கம் செய்யலாம் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். அதை எழுத்தில் கொடுங்கள்.

அப்பத்தா இப்போது ஊருக்கு வெளியே பொது மயானத்தில் இருக்கிறார். அவரை எடுத்துவரக் கேட்கவில்லை. தாத்தாவுக்குப் பக்கத்து இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே அவர் பெயர் பொறித்த ஒரு கல் வைக்க மட்டும் தயவுசெய்து அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் வளர்ந்த பேரன்