என்ஜினை மட்டும் கேட்கிறார்கள்

தக்கலை
ஐப்பசி, நல்ல மழை

அன்புள்ள மக்கா,

முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று உன் மகள் போனில் சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இங்கே ஒரு மாதத்துக்கு மேலாக மழை விடவில்லை, ரப்பர் வெட்டும் இல்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பின்பக்க ஷெட்டைத் திறந்தேன். அதுதான் வினை.

எங்கள் அப்பாவின் பழைய எம்.ஜி. காரை நீ மறந்திருக்க மாட்டாய். பேரனிடம் எம்.ஜி. கார் என்று சொன்னால் அவன் ரோட்டில் போகிற ஹெக்டர் என்ற புதுக் காரைக் காட்டுகிறான். நம்முடையது 1951இல் சீமையில் செய்த டி.டி. மாடல் என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? 1962இல் எஸ்டேட் சாயிப்பு சீமைக்குக் கிளம்பும்போது சொற்ப விலைக்கு அப்பாவிடம் விட்டுப்போனது. இரண்டு பேர் உட்கார வேண்டிய சீட்டில் நாம் மூன்று பேர். ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் அப்பா முன்கண்ணாடியை மடக்கிப் படுக்கவைத்துவிடுவார். ஆடிக் காற்று முகத்தில் அறையும். ஒருநாள் நீ ஏதோ கத்த வாயைத் திறந்தாய், வண்டு ஒன்று உள்ளே போய்விட்டது. நாகர்கோவில் வருகிற வரைக்கும் துப்பிக்கொண்டே வந்தாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவரிடம் இதே மாடல் கார் இருக்கிறது. எந்தப் புண்ணியவானோ அதில் அம்பாசிடர் என்ஜினை இறக்கி வைத்திருக்கிறான். அதனால் நம் என்ஜினை மட்டும் கேட்கிறார், 2.5 லட்சத்துக்கு. ஓடாத என்ஜின் என்று சொல்லியும் விலையைக் குறைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் எண்ணம். மருமகன் மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்: "வருகிற இரண்டரையை விட்டுவிட்டு, அதைச் சரிசெய்யக் கையிலிருந்து நாலு லட்சம் போடப் போறீங்களா மாமா?" கணக்கு அவர் பக்கம்தான். ஆனாலும் திறந்து பார்க்காமல் கொடுக்க மனசு வரவில்லை.

1988இல் நிறுத்திய என்ஜின், ஜாம் ஆகியிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசலை ஊற்றி மூன்று வாரம் விட்டேன். தினமும் காலையில் போய் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிப் பார்ப்பேன். ஒருநாள் விரற்கடை அளவு அசைந்தது. அன்றைக்கு ஒரு சாயா கூடுதலாகக் குடித்தேன்.

கழற்ற ஆரம்பித்ததும் பழைய தலைவலி வந்தது. இந்த என்ஜினில் மரை மில்லிமீட்டர் கணக்கு, நட்டின் தலையோ விட்வொர்த் என்ற பழைய ஆங்கில இன்ச் அளவு. நம் பட்டறை ஸ்பேனர் ஒன்றுகூட ஒழுங்காகப் பிடிக்காது. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி கோவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தது, 1923இல் எம்.ஜி.யின் முதலாளி மோரிஸ் அதை விலைக்கு வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுகிறவை. அவற்றைத் தூக்கிப் போடாமல் அப்படியே ஓட்டினார்கள், ஆங்கிலேய மெக்கானிக்குக்குப் பழகிய ஸ்பேனர் பிடிக்கட்டும் என்று தலையை மட்டும் அவர்கள் ஊர் அளவில் செய்தார்கள். மிச்சம் பிடிக்கிற புத்தியில் நம்மூர்க்காரர்களைவிட மோசம், கேட்டியா.

உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். பிஸ்டனில் ஓவர்சைஸ் எண் பொறித்திருக்கிறது, அப்படியென்றால் முன்பே ஒருமுறை சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதாவது போர் அடித்திருக்கிறார்கள். இன்னும் ஒருமுறை அடிக்கலாம், அதற்குமேல் உள்ளே புதுக் குழாய் இறக்குகிற ஸ்லீவ்தான். கிராங்க் தண்டில் பேரிங் பிடிக்கிற ஜர்னல் இரண்டில் கோடு விழுந்திருக்கிறது, நகம் தடுக்குகிறது. தண்ணீர் போகிற வழி முழுக்கச் சேறு. சீமையில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிக்குமாம். நமக்கு அந்தப் பயம் இல்லை, துருதான் எமன். எனக்கு உண்மையான கவலை சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில். மூன்றாவது சிலிண்டரில் வால்வுகள் உட்காரும் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. விரிசலா, கரி படிந்த கீறலா என்று என் கண்ணாடிக்குத் தெரியவில்லை.

அப்புறம் என்ஜினின் முன்பக்க மூடியான டைமிங் கவரைக் கழற்றினேன். உள்ளே ஆயில் கசியாமல் வைக்கிற கேஸ்கட்டுக்குப் பதில் அப்பா காலண்டர் அட்டையை வெட்டி வைத்திருந்தார். ஆயிலில் ஊறிக் கறுத்துப் போயிருந்தாலும் ஓரத்தில் "ஆவணி" என்று படிக்க முடிந்தது. கத்தரியால் வெட்டியதல்ல, சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்போடு தட்டித் தட்டி எடுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நான் அதற்காக மட்டும் யோசிக்கவில்லை, பாத்துக்கோ. 2021இல் பழைய வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது, எனக்கும் அந்த ஆசை இல்லை. ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. என்ஜினைக் கொடுத்துவிட்டு நாளைக்கு இதில் வேறொன்றை மாட்டினால், அந்தப் பெங்களூர்க்காரரின் இன்றைய நிலைமைதான் நம் காருக்கும். மருமகன் கணக்கில் இது இல்லை. 2.5 லட்சத்துக்கு நான் விற்பது என்ஜினை அல்ல, காரை.

சரிசெய்தாலும் தொல்லை தீராது என்பதும் தெரியும். ஈயம் கலந்த பெட்ரோலுக்கு வார்த்த ஹெட், இப்போது ஈயம் கிடையாது, சீட் தேயும், அதனால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கடினமான இரும்பில் மாற்றிப் போட வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைத் தின்றுவிடும், அதுவும் புதிதாக வேண்டும். பிஸ்டன், பேரிங் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள், சுங்க வரி தனி. ஆயில் ஒழுக்கு மட்டும் எவன் வேலை பார்த்தாலும் நிற்காது. பின்பக்கம் சீல் கிடையாது, கிராங்கில் வெட்டிய மரைதான் ஆயிலை உள்ளே திருப்பும். ஓடும்போது திருப்பும், நின்றால் சொட்டும். முற்றத்தில் கறை பார்த்து அம்மா அப்பாவைத் திட்டியதெல்லாம் உனக்கே தெரியும்.

என் முடிவு இதுதான்: என்ஜினைத் தனியாகக் கொடுக்க மாட்டேன். ஹெட்டில் இருப்பது கீறல்தான் என்றால் வேலையைத் தொடங்குகிறேன். தண்ணீர் வழி வரைக்கும் போன விரிசல் என்றால், என்ஜினைத் திரும்ப ஏற்றி, காரை முழுசாக வாங்கிக்கொள்வாரா என்று அந்தப் பெங்களூர் மனுஷரிடமே கேட்டுப் பார்க்கிறேன். எழுபது வயதில் வேறு ஹெட் தேடி அலைய எனக்குத் தெம்பில்லை.

இங்கே எனக்கு நம்பிக்கையான லேத் பட்டறைக்காரர் தொழிலை விட்டுவிட்டார். கோயம்புத்தூரில் உனக்குத் தெரியாத பட்டறையா? ஹெட்டையும் கிராங்கையும் வரும் திங்கள்கிழமை லாரி ஷெட்டில் போடுகிறேன். அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல், பக்கத்தில் நின்று பார். கூடவே ஒரு குலை மட்டிப்பழம் வரும். பழுத்துவிட்டால் உடனே தின்றுவிடு, தாங்காது.

சுசீந்திரம் மார்கழித் தேருக்கு வருவேன் என்றாய். வரும்போது அப்பாவின் விட்வொர்த் ஸ்பேனர் செட்டைக் கொண்டு வா. 1985இல் "ரெண்டு நாளில் தாறேன்" என்று வாங்கிப் போனாய்.

இப்படிக்கு
உன் சேக்காளி